கிரோன் நோய் குடலில் எந்த இடத்தில் வரும்? ரிப்போர்ட்டில் 'டெர்மினல் இலியம்' என்று இருந்தால் என்ன அர்த்தம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தம்பிக்கு 24 வயது. ஒரு வருடமாக வயிற்றுவலி, விட்டுவிட்டுப் பேதி, எடை குறைவு. கொலோனாஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்துவிட்டு, குடலில் நீண்ட நாள் நீடிக்கும் அழற்சியான கிரோன் நோயாக இருக்கலாம் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'டெர்மினல் இலியம்', 'சீக்கம்' என்றெல்லாம் இருக்கிறது. இணையத்தில் பார்த்தால் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் வயிறு முழுக்கப் பரவிவிடுமா, பொதுவாக எந்த இடத்தில்தான் வரும் என்பது கேள்வி.

குடல் நோய்ப் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். 'வாயிலிருந்து ஆசனவாய் வரை' என்ற அந்த ஒரு வரி எத்தனையோ குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வரி பொய்யில்லை. ஆனால் நோய் எங்கெல்லாம் வரக்கூடும் என்று மட்டும்தான் அது சொல்கிறது. வழக்கமாக எங்கே வருகிறது என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்குதான் உங்கள் தம்பிக்குத் தேவை.

நேராகப் பதிலுக்கு வருகிறேன். கிரோன் அதிகமாக வருகிற இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதியும், அதை ஒட்டித் தொடங்கும் பெருங்குடலும். பத்து நோயாளிகளை எடுத்துக்கொண்டால், சுமார் மூன்று பேருக்குச் சிறுகுடலின் கடைசியில் மட்டும் இருக்கும். நான்கைந்து பேருக்கு அங்கேயும் பெருங்குடலிலும் சேர்ந்து இருக்கும். இரண்டு பேருக்குப் பெருங்குடலில் மட்டும். இரைப்பை, சிறுகுடலின் தொடக்கமான டியோடினம் போன்ற மேல்பகுதிகளில் மட்டும் தனியாக வருவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. கீழே இருக்கும் நோயோடு சேர்ந்து மேலேயும் கொஞ்சம் தென்படுவது அதைவிட அதிகம். ஆசனவாயைச் சுற்றிப் புண், சீழ்க்கட்டி, பவுத்திரம் என்று வருவது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு. நாட்டுக்கு நாடு, ஆய்வுக்கு ஆய்வு இந்த எண்கள் கொஞ்சம் முன்பின்னாகும். வரிசை பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, அந்த இடம் உடம்பில் எங்கே இருக்கிறது? சாப்பாடு உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கு வந்து, அங்கிருந்து சிறுகுடலுக்குள் இறங்குகிறது. சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர் நீளம். அதன் முதல் ஒரு சாண் அளவு டியோடினம், அடுத்தது ஜெஜூனம், மிச்சமுள்ள பெரும்பகுதி இலியம். இலியத்தின் கடைசிப் பகுதிதான் டெர்மினல் இலியம். அது வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில், ஒரு சின்ன வால்வு வழியாகப் பெருங்குடலில் திறக்கிறது. பெருங்குடல் பைபோல் தொடங்கும் அந்த இடத்துக்குச் சீக்கம் என்று பெயர். குடல்வால் தொங்குவதும் அதிலிருந்துதான். தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பின் முன்முனைக்கும் நடுவே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்கள் தம்பியின் ரிப்போர்ட் பேசுவது அந்த உள்ளங்கை அளவு இடத்தைப் பற்றித்தான்.

கொலோனாஸ்கோபி செய்யும்போது நாங்கள் ஆசனவாயில் தொடங்கி, பெருங்குடல் முழுவதையும் கடந்து சீக்கத்துக்கு வந்து சேர்வோம். குடல்வாலின் வாய் பிறைபோல ஒரு சின்னக் கோடாகத் தெரியும். பக்கத்தில் வால்வின் இரண்டு உதடுகள். கருவியின் நுனியை வளைத்து, கொஞ்சம் பொறுமையாக அந்த உதடுகளுக்கு நடுவே நுழைந்தால் இலியம். நல்ல இலியத்துக்குள் தண்ணீர் விட்டால், பூந்துவாலையை வாளியில் முக்கினால் அதன் நூல்கள் எழுந்து ஆடுமே, அப்படி உள்தோல் ஆடும். கிரோன் வந்த இலியத்தில் அந்த ஆட்டம் இருக்காது. ஆரம்பத்தில் நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்த சின்னச் சின்னப் புண்கள். முற்றிய பிறகு குடலின் நீளவாக்கில் தண்டவாளம் போல ஓடும் நீண்ட புண்கள். குறுக்கே வெடிப்புகள், நடுவே மிச்சமிருக்கும் தோல் திட்டுத்திட்டாக வீங்கி நிற்கும். மேல்நாட்டுப் புத்தகங்கள் இதைக் கல் பாவிய பழைய தெருவுக்கு ஒப்பிடும். எனக்கு ஒவ்வொரு தடவையும் சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் ஏரித்தரைதான் நினைவுக்கு வரும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சில சமயம் கருவி சீக்கத்தோடு நின்றுவிடும். குடல் சரியாகச் சுத்தமாகியிருக்காது, வால்வு குறுகியிருக்கும், நேரம் இருக்காது. ரிப்போர்ட்டில் 'பெருங்குடல் இயல்பாக உள்ளது' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். கிரோன் அதிகம் வருகிற இடமோ அந்த வால்வுக்கு அப்பால் இருக்கிறது! இப்படி ஒரு 'நார்மல்' ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் வாயுத்தொல்லை மாத்திரை சாப்பிட்ட ஒரு கல்லூரி மாணவியை நான் பார்த்திருக்கிறேன். எங்களிடம் வந்தபோது எடை முப்பத்தாறு கிலோ. வால்வைத் தாண்டி நுழைந்ததும், முதல் பத்து சென்டிமீட்டருக்குள்ளேயே எல்லாம் இருந்தது. அதனால் கொலோனாஸ்கோபி ரிப்போர்ட்டை வாங்கியதும் முதலில் தேட வேண்டிய சொல் 'இலியம்'. உள்ளே போனார்களா, எவ்வளவு தூரம் போனார்கள், பரிசோதிக்கத் திசுத் துண்டு (பயாப்சி) எடுத்தார்களா? உங்கள் தம்பி விஷயத்தில் போயிருக்கிறார்கள். அது நல்லது.

இதைத் தனி நோய் என்று அடையாளம் கண்டதே இந்த இடத்தை வைத்துத்தான். 1932-ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஆப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இலியத்தின் கடைசிப் பகுதி தடித்து, புண்ணாகி, குறுகிப் போகிறது, இது டி.பி. இல்லை, புற்றுநோயும் இல்லை, தனி நோய் என்பது அவர்கள் வாதம். ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் போட்டதால் கிரோன் முதலில் வந்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவர்களுக்கு முன்பே, 1913-ல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல் இதே மாதிரிக் குடலை விவரித்திருந்தார். செத்து விறைத்துப்போன விலாங்கு மீன் போல இருக்கிறது என்று எழுதினார். ஆபரேஷன் தியேட்டரில் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சரியான உவமை என்று தெரியும். நல்ல சிறுகுடல் ஈரத்துணி போலக் கையில் துவளும். கிரோன் வந்த பகுதி தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் தடித்த ரப்பர் டியூப் போல விறைத்திருக்கும். வெளியே, குடலைத் தாங்கும் சவ்விலிருந்து மஞ்சள் கொழுப்பு விரல்விரலாக ஏறிவந்து அதைச் சுற்றிப் பிடித்திருக்கும். அந்தக் கொழுப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்பதை வைத்தே நோய் எதுவரை என்று அறுவை மருத்துவர்கள் ஓரளவு கணித்துவிடுவார்கள்.

இலியத்தில்தான் வரும், வால்வோடு நின்றுவிடும் என்றுதான் 1932-ல் நினைத்தார்கள். பெருங்குடலிலும் இதே நோய் வரும், அது பெருங்குடலைப் புண்ணாக்கும் இன்னொரு நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இல்லை என்பதைத் தெளிவாக நிறுவியவர்கள் லண்டனைச் சேர்ந்த லாக்ஹார்ட்-மம்மரி, மார்சன் இருவரும். அது 1960-ல். மருத்துவ உலகம் இந்த நோயின் எல்லையைப் புரிந்துகொள்ளவே முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் கிரோனுக்கும் உள்ள வித்தியாசமும் பெரும்பாலும் இடத்தில்தான் இருக்கிறது. கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேலே ஏறும்; பெருங்குடலைத் தாண்டாது; உள்தோலோடு நின்றுவிடும். கிரோன் விட்டுவிட்டு வரும். ஒரு பத்து சென்டிமீட்டர் நோய், அடுத்து ஒரு முழம் நல்ல குடல், மறுபடியும் நோய். மலக்குடலைத் தொடாமலே விட்டுவிடுவதும் சகஜம். குடல் சுவரின் முழுத் தடிமனிலும் அது இறங்கும். சுவர் தழும்பாகித் தடித்தால் அடைப்பு. துளைத்துக்கொண்டு போனால் பக்கத்துக் குடலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ தோலுக்கோ வழி திறந்துவிடும். ஒருவர் சிறுநீரோடு காற்றும் குமிழியாக வருகிறது என்று சொன்னால், நாங்கள் உடனே குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே வழி விழுந்திருக்கிறதா என்று தேடுவோம்.

ஏன் அந்த ஒரு இடம்? முழுப் பதில் யாரிடமும் இல்லை. ஆனால் சில துண்டுகள் நன்றாகவே பொருந்துகின்றன. இலியத்தின் கடைசியில் பேயர் திட்டுகள் என்ற நோய் எதிர்ப்புத் திசுக்கள் அடர்த்தியாக இருக்கின்றன. கிருமிகளை அடையாளம் காணும் காவல் நிலையம் போன்றவை அவை. மேலே ஜெஜூனத்தில் பாக்டீரியா சொற்பம். இலியத்தின் கடைசிக்கு வரும்போது பல்லாயிரம் மடங்கு ஏறிவிடுகிறது. வால்வு இருப்பதால் உணவுச்சாறு அங்கே கொஞ்சம் தேங்கி நிற்கிறது. 2001-ல் கண்டுபிடிக்கப்பட்ட நாட்2 என்ற மரபணு, பாக்டீரியாவின் சுவர்த் துணுக்குகளை உணரும் வேலையைச் செய்வது. அதில் மாற்றம் உள்ள ஐரோப்பியர்களுக்குக் கிரோன் வந்தால் பெரும்பாலும் இலியத்தில் வருகிறது. இந்தியர்களிடம் அதே மாற்றங்கள் அரிதாகவே காணப்படுகின்றன, ஆனாலும் நோய் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது. ஆகவே மரபணு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் பெல்ஜியத்தின் லூவன் நகரத்திலிருந்து வந்தது. நோயுள்ள இலியத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடலைப் பெருங்குடலோடு இணைத்தால், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அந்த இணைப்புக்குச் சற்று மேலே மறுபடியும் சின்னப் புண்கள் தென்படும். ஆனால் குடலில் வருவது இணைப்புக்குப் போகாமல், வயிற்றில் திறந்த வாய் வழியாக வெளியேறும்படி சில மாதம் திருப்பிவிட்டால், கீழே இணைத்த இடத்தில் புண் வருவதில்லை. ருட்கெர்ட்ஸ் குழுவினர் 1991-ல் இதைக் காட்டினார்கள். சில வருடம் கழித்து அதே ஊரில், அப்படி ஒதுக்கி வைத்த குடலுக்குள் குடல்சாற்றை விட்டுப் பார்த்தபோது, எட்டு நாளிலேயே மைக்ராஸ்கோப்பில் அழற்சி தெரிந்தது. குடலுக்குள் ஓடுகிற ஏதோ ஒன்றுதான் தீயைப் பற்றவைக்கிறது. அது உணவா, பாக்டீரியாவா, பித்தமா, எல்லாம் சேர்ந்தா என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.

இனி, நம் நாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். குடல் டி.பி.யும் அதிகமாகப் பிடிப்பது இதே உள்ளங்கை அளவு இடத்தைத்தான். இலியத்தின் கடைசி, வால்வு, சீக்கம். அதே வலி, அதே பேதி, அதே எடை குறைவு, அதே வயது. கொலோனாஸ்கோபியில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பயாப்சியில் இரண்டிலும் கிரானுலோமா என்ற கணுக்கள் வரலாம். அமெரிக்காவில் இருப்பவர் இதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் கவலைப்பட்டே ஆக வேண்டும். ஏனென்றால் கிரோனுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் இன்ஃப்ளிக்ஸிமேப் போன்ற ஊசிகளும் உடம்பின் எதிர்ப்பைக் குறைப்பவை. உள்ளே இருப்பது டி.பி. என்றால், அந்த மருந்து அதை உடம்பு முழுக்க அவிழ்த்து விட்டுவிடும்.

எப்படிப் பிரிப்பது? ஒரே ஒரு பரிசோதனையால் முடியாது. டி.பி. புண்கள் பெரும்பாலும் குடலைச் சுற்றி ஒட்டியாணம் போலக் குறுக்கே ஓடும்; கிரோன் புண்கள் நீளவாக்கில். டி.பி.யில் வால்வு சிதைந்து வாய் பிளந்து நிற்கும். வயிற்றில் நீர் கோர்ப்பது, சாயங்காலக் காய்ச்சல், நெஞ்சு சி.டி.யில் பழைய தழும்பு, இவை டி.பி. பக்கம் தராசைச் சாய்க்கும். பல இடங்களில் விட்டுவிட்டு நோய், ஆசனவாயில் பவுத்திரம், பல வருடமாக இழுத்துக்கொண்டு வரும் பேதி, இவை கிரோன் பக்கம். பயாப்சித் துண்டில் டி.பி. கிருமியை வளர்த்துப் பார்ப்பதும், அதன் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனையும் உதவும். கிருமி தெரிந்தால் விஷயம் முடிந்தது. தெரியவில்லை என்றால் டி.பி. இல்லை என்று அர்த்தமில்லை. அதனால்தான் இந்தியாவில் பல சமயம் முதலில் டி.பி. மருந்து கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனாஸ்கோபி செய்து பார்க்கிறோம். டி.பி. என்றால் அதற்குள் புண்கள் ஆறியிருக்கும். வலி கொஞ்சம் குறைந்தது, பசி எடுக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கிரோன் நோயாளிக்கும் சில வாரம் அப்படி இருக்கலாம். ஆறினது கண்ணில் தெரிய வேண்டும். இதை அலைக்கழிப்பு என்று நினைத்து மருத்துவரிடம் கோபப்படுகிறவர்கள் உண்டு. அவர்களை நான் தப்புச் சொல்ல மாட்டேன், மூன்று மாதக் காத்திருப்பு கஷ்டம்தான். ஆனால் கேட்டுப் புரிந்துகொண்டால் அதைத் தாங்குவது எளிது.

குடல்வாலும் இதே இடத்தில் இருப்பதால் இன்னொரு குழப்பம். திடீரென்று வலது கீழ்வயிற்றில் வலி, காய்ச்சல் என்று வருகிறவரைக் குடல்வால் அழற்சி என்று எடுத்து ஆபரேஷன் செய்யும்போதுதான் இலியம் தடித்திருப்பது தெரியவரும். அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு 1923-லேயே குடல்வாலை எடுத்தாகிவிட்டது. ஆனாலும் வயிற்றுவலி பல வருடம் வந்து வந்து போனது. 1956 ஜூனில் குடல் அடைத்துக்கொண்டபோதுதான் இலியத்தில் இந்த நோய் இருப்பது தெரிந்து, நள்ளிரவு தாண்டி அவசர ஆபரேஷன் செய்தார்கள். அந்த வருடம் நவம்பரில் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

இடத்தைப் பொறுத்துத் தொந்தரவும் மாறும். இலியத்தில் என்றால் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலது கீழ்வயிற்றில் முறுக்கு வலி, வயிறு உப்புசம், கடமுட என்று சத்தம், ரத்தமில்லாத பேதி. குறுகிய இடத்தில் கீரைத் தண்டோ ஆரஞ்சுச் சக்கையோ மாட்டினால் வாந்தி. பெருங்குடலில் என்றால் ரத்தம், சளி, அவசரமாக ஓட வேண்டிய நிலைமை. ஜெஜூனத்தில் பரவலாக இருந்தால் சத்துக் குறைவு முன்னால் வந்து நிற்கும். குழந்தைகளுக்கு உயரமே நின்றுபோகும். வகுப்பில் கடைசி வரிசையில் நின்ற பையன் இரண்டு வருடத்தில் முதல் வரிசைக்கு வந்துவிட்டால், வெறும் 'சாப்பாடு சரியில்லை' என்று விட்டுவிடக் கூடாது. டியோடினத்தில் என்றால் அல்சர் மாதிரி மேல்வயிற்று எரிச்சல், சீக்கிரமே வயிறு நிறைந்துபோவது. உணவுக்குழாயில் வருவது மிக அரிது. வாயில் ஆழமான புண்ணோ உதட்டு வீக்கமோ வரலாம். ஆனால் தயவுசெய்து, எப்போதாவது வரும் வாய்ப்புண்ணை வைத்துக் கிரோன் என்று பயப்படாதீர்கள். அது ஊரில் பாதிப் பேருக்கு வருவது.

இலியத்துக்கென்று இரண்டு தனி வேலைகள் உண்டு. வேறெந்தப் பகுதியும் அதைச் செய்யாது. ஒன்று, வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவது. இன்னொன்று, பித்த உப்புகளைத் திரும்ப எடுத்துக் கல்லீரலுக்கு அனுப்புவது. இரண்டும் கடைசி ஒரு மீட்டருக்குள் நடக்கின்றன. அந்த இடம் புண்ணாகவோ வெட்டப்பட்டோ போனால், பி12 குறைந்து கால் மரமரப்பு, சோர்வு, ரத்தசோகை வரும். நம்மில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பி12 இருப்பு குறைவு, அவர்களுக்கு இது சீக்கிரம் தெரியும். பித்த உப்பு பெருங்குடலுக்குள் வழிந்தால் நோய் அடங்கியிருக்கும்போதும் தண்ணீராகப் போகும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டிவிடுவார்கள். அதற்குத் தேவையானதோ பித்த உப்பைக் கட்டிப்பிடிக்கும் கொலஸ்டிரமின் பொடி. பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் இரண்டும் இலிய நோயாளிகளுக்கு அதிகம் வருவதும் இந்தக் கோளாறின் தொடர்ச்சிதான்.

ஆசனவாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெட்கத்தினால் நம் மக்கள் அதிகம் மறைப்பது இதைத்தான். 'மூலம், பவுத்திரம், வெடிப்பு' என்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தொங்கும் போர்டுகள் எல்லா ஊரிலும் உண்டு. பவுத்திரம் என்றால் ஆசனவாய்க்கு உள்ளிருந்து வெளித்தோலுக்குச் சீழ் போட்டுக்கொண்ட பாதை. அது பெரும்பாலும் சாதாரணக் காரணத்தால் வருவது. ஆனால் சிலருக்கு, குடலில் எந்தத் தொந்தரவும் தெரிவதற்கு மாதங்கள், வருடங்கள் முன்பே, கிரோன் முதலில் தலைகாட்டுவது இங்கேதான். பாதை ஒன்றுக்கு மேல் இருந்தால், ஆபரேஷன் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால், கூடவே பேதியோ எடை குறைவோ இருந்தால், மறுபடி வெட்டுவதற்கு முன் இடுப்பு எம்.ஆர்.ஐ.யும் இலியம் வரை கொலோனாஸ்கோபியும் செய்ய வேண்டும். கிரோன் பவுத்திரத்தைச் சாதாரணப் பவுத்திரம் போல அறுத்தால் புண் ஆறாமல் நிற்கும். மலத்தை அடக்கும் தசையும் பழுதாகும். அதில் முதல் வேலை சீழை வெளியேற்றுவது, பாதையில் ஒரு தளர்வான நூலைக் கட்டி அது அடைபடாமல் வைப்பது, அப்புறம் குடல் நோய்க்கு மருந்து தொடங்குவது.

பரவுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் இல்லை. கிரோன் எந்த இடத்தில் தொடங்கியதோ, பத்து வருடம் கழித்தும் அநேகமாக அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. வட்டாரம் மாறுவது சிலருக்குத்தான். மாறுவது அதன் குணம். ஆரம்பத்தில் வெறும் அழற்சியாக இருப்பது, கவனிக்காமல் விட்டால் தழும்பாகி அடைப்பாகவோ, துளைத்துப் பவுத்திரமாகவோ போகிறது. 2005-ல் மான்ட்ரியலில் வகுத்த முறைப்படி மருத்துவர்கள் எல்1, எல்2, எல்3, எல்4 என்று எழுதுவது இடத்தை: இலியம், பெருங்குடல், இரண்டும், மேல்பகுதி. பி1, பி2, பி3 என்பது குணத்தை: அழற்சி மட்டும், அடைப்பு, துளைப்பு. தம்பியின் ரிப்போர்ட்டை வைத்துப் பார்த்தால், கிரோன் என்று உறுதியானால் அது எல்3 பக்கம் வரும். சீக்கத்தில் லேசாக மட்டும் இருந்தால் எல்1 என்றே சொல்வார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது பி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண் ஏறாமல் பார்ப்பதைப் பற்றி. அந்த எண்ணை ஏற்றிவிடுவதில் சிகரெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தம்பி புகைப்பவராக இருந்தால் எந்த மருந்துக்கும் முன்னால் அதை நிறுத்த வேண்டும்.

கொலோனாஸ்கோபி எட்டும் தூரம் இலியத்தில் பத்து இருபது சென்டிமீட்டர்தான். அதற்கு மேலே உள்ள சிறுகுடலைப் பார்க்க எம்.ஆர். என்டெரோகிராபி அல்லது சி.டி. என்டெரோகிராபி என்ற சிறுகுடல் ஸ்கேன் வேண்டும். கேப்ஸ்யூல் கேமராவும் உண்டு. ஆனால் குடலில் குறுகலான இடம் இருந்தால் கேப்ஸ்யூல் மாட்டிக்கொள்ளும், அதனால் ஸ்கேன் பார்க்காமல் அவசரப்பட்டு விழுங்க வேண்டாம். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவு பார்ப்பது, அடிக்கடி குழாய் விடாமல் நோயைக் கண்காணிக்க நல்ல வழி. இலியத்தில் மட்டும் நோய் உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் குறைவாகவே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருந்தையும் இடம்தான் தேர்ந்தெடுக்கிறது. புடசோனைடு என்ற மாத்திரை இலியத்திலும் வலது பெருங்குடலிலும் கரையும்படி செய்யப்பட்ட ஸ்டீராய்டு. உடம்பு முழுக்கப் போகும் அளவு குறைவு. இடது பெருங்குடலில் நோய் இருப்பவருக்கு அது அவ்வளவாக எட்டாது. கொலைட்டிஸில் நன்றாக வேலை செய்யும் மெசலமைன், இலியத்துக் கிரோனில் பெரிதாக உதவுவதில்லை. குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திரவ ஊட்டச்சத்து மட்டும் கொடுப்பதே முதல் சிகிச்சையாக இருக்கலாம். பவுத்திரம் உள்ளவருக்கு இன்ஃப்ளிக்ஸிமேப் பக்கம் சீக்கிரம் போவார்கள். பெருங்குடலில் எட்டு வருடத்துக்கு மேல் நோய் இருந்தால் புற்றுநோய்க்கான கண்காணிப்புக் கொலோனாஸ்கோபி தேவைப்படும். இலியத்தில் மட்டும் என்றால் அந்த அட்டவணை பொருந்தாது.

ஆபரேஷன் என்றதும் நடுங்க வேண்டாம். இலியத்தில் சின்னதாக ஒரே இடத்தில் இருந்தால் அதை வெட்டி இணைப்பது மிக நல்ல தீர்வு. பல இடத்தில் குறுகல் இருந்தால், வெட்டி வெட்டிக் குடலைக் கட்டையாக்காமல், குறுகிய இடத்தை நீளவாக்கில் கீறிக் குறுக்குவாக்கில் தைத்து அகலப்படுத்துவார்கள். ஸ்டிரிக்சர்பிளாஸ்டி என்ற இந்த முறையை 1977-ல் வெளியிட்டவர்கள் கட்டாரியா என்ற இந்திய அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும், அதுவும் குடல் டி.பி. குறுகல்களுக்காக. சில வருடம் கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் எமானுவேல் லீ அதைக் கிரோனுக்குச் செய்து காட்டினார். இன்று உலகம் முழுக்கக் கிரோன் நோயாளிகளின் குடலைக் காப்பாற்றும் ஒரு தையல், நம் நாட்டு டி.பி. வார்டிலிருந்து போனது என்பதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு.

உங்கள் தம்பிக்கு இப்போது செய்ய வேண்டியது: பி12, இரும்பு, வைட்டமின் டி அளவு பார்க்கச் சொல்லுங்கள். சிறுகுடல் முழுக்க ஸ்கேன் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆசனவாய்ப் பக்கம் வலியோ கசிவோ இருக்கிறதா என்று அவரிடம் நீங்களே தனியாகக் கேளுங்கள், அவராகச் சொல்ல மாட்டார். பயாப்சியில் டி.பி. பரிசோதனைக்கு அனுப்பினார்களா, வளர்ப்புப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்றும் விசாரியுங்கள். அது வர ஆறு வாரம்கூட ஆகலாம். அதற்குள் யாராவது ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்திருந்தால், நீங்களாக நிறுத்திவிடாமல், அந்தச் சீட்டோடு நாளைக்கே மருத்துவரைப் பார்த்து, டி.பி. இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள்.